துணையோடு அடையும் எல்லை

மனிதன் தன் பிரயத்தனத்தால் அடைகின்ற பேறு அவன் ஒருவனுக்கே உரியதா, அல்லது உடன் நடந்தோர் அனைவரும் வந்து சேர்ந்தாலன்றி அது பேறென்று கருதப்படவே தகாததா என்னும் வினா, நம் சமய நூல்கள் பலவற்றில் வெளிப்படையாகவும் மறைபொருளாகவும் எழுந்துகொண்டே வந்திருக்கிறது. தவம் செய்வோன் தனியே காட்டுக்குப் போகிறான். பக்தன் அடியார் கூட்டத்தை நாடிப் போகிறான். இருவரும் ஒரே இறைவனைத் தேடுவதாகவே சொல்லுகிறார்கள். இவ்விரண்டு வழிகளுக்கும் இடையேயுள்ள பேதம் மனப்போக்கின் பேதந்தானா, உண்மையைப் பற்றிய பேதமா என்று ஆராயப் புகுந்தவனுக்கு, சமயத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாதது போலத் தோன்றும் ஒரு விளையாட்டு பெரிய தெளிவைத் தரக்கூடும் என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை விளக்குவதற்கே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அவ்விளையாட்டைச் சாகசப் பந்தயம் என்பர். நான்கு பேர் கொண்ட ஓர் அணி, குறிக்கப்பட்ட பாதை ஏதுமில்லாத மலையிலும் காட்டிலும் ஆற்றிலும், நடந்தும் ஓடியும், மலைச் சைக்கிள் மிதித்தும், கயாக்கில் துடுப்பிட்டும், சில இடங்களில் கயிற்றைப் பற்றிப் பாறைச்சரிவில் இறங்கியும், வரைபடத்தையும் திசைகாட்டியையும் மாத்திரமே நம்பி, ஆங்காங்கே நாட்டப்பட்டுள்ள அடையாளக் கொடிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடித்து, எல்லையைச் சென்றடைய வேண்டும். சில பந்தயங்கள் நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். சில இரவு பகல் என்ற வேறுபாடின்றிப் பத்து நாட்கள் வரையில் நீளும். கடிகாரம் இடையில் நிற்பதே இல்லை. உறங்குவதா நடப்பதா என்பதை அணியினரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றிலும் முக்கியமான நியதி ஒன்று உண்டு. அணியைச் சேர்ந்தவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் நூறு மீட்டருக்கு மேல், சில பந்தயங்களில் ஐம்பது மீட்டருக்கு மேல், விலகிச் செல்லலாகாது. கடைசி ஆள் எல்லைக்கோட்டைக் கடக்கும் கணமே அணி அதைக் கடந்த கணமாகக் கொள்ளப்படும். ஒருவர் நடுவழியில் நின்றுவிட்டால், எஞ்சிய மூவர் காற்றினும் கடிது சென்றாலும் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை.

இந்த நியதி ஆதியிலிருந்தே இருந்ததன்று. நியூசிலாந்தில் ராபின் ஜட்கின்ஸ் என்பவர் 1983-ஆம் ஆண்டில் தொடங்கிய 'கோஸ்ட் டு கோஸ்ட்' பந்தயம், தெற்குத் தீவின் மேற்குக் கரையிலுள்ள குமாரா கடற்கரையிலிருந்து புறப்பட்டு, ஸதர்ன் ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் கடந்து, கிழக்குக் கடலை எட்டும் 243 கி.மீ. பிரயாணம்; அதில் ஒருவர் தனியாகவே ஓடி வெற்றி பெறலாம். ஆறு ஆண்டுகள் கழித்து, 1989-ல், ஜெரார் ஃபுசில் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் அதே நியூசிலாந்தில் 'ரெய்ட் கோல்வாஸ்' என்ற நெடும்பந்தயத்தை நடத்தியபோது, அணிக்கு ஐவர் என்றும், அவ்வைவரில் ஒருவரேனும் பெண்ணாயிருக்க வேண்டும் என்றும், ஐவரும் சேர்ந்தே போக வேண்டும் என்றும் விதித்தார். கோஸ்டா ரிகா, நியூ கலிடோனியா, ஓமான், மடகாஸ்கர் என்று தேசந்தோறும் இடம் மாறி நடந்த அப்பந்தயத்தில் பங்குகொண்ட மார்க் பர்னெட் என்பவர், 1995-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'ஈகோ-சேலஞ்ச்' பந்தயத்தைத் தொடங்கித் தொலைக்காட்சியின் வாயிலாக உலகறியச் செய்தார். நாளடைவில் ஐவர் நால்வராகக் குறைந்தனர். ஆனால் ஆணும் பெண்ணும் கலந்திருக்க வேண்டும், ஒருவரையொருவர் பிரியலாகாது என்னும் விதிகள் இரண்டும் நிலைபெற்றுவிட்டன. போட்டி என்பதையே தனிமனிதனின் மேன்மைக்கு அளவுகோலாகக் கொண்ட ஒரு நாகரிகம், அந்த அளவுகோலைத் தானே முறித்துப்போடும் ஒரு விதியைத் தன் கடுமையான விளையாட்டுக்குள் அமைத்துக்கொண்டது சிந்திக்கத்தக்க செய்தி.

இப்பந்தயத்தில் புதிதாகப் புக விரும்புகிறவர் பெரும்பாலும் தம் தேகபலத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆவலுடனேயே வருகிறார். அந்த ஆவலில் குற்றமில்லை. தன்னை அறிய விரும்புவது எல்லாச் சாதனைக்கும் முதற்படி. ஆயினும் அனுபவம் முதிர்ந்தவர்கள் அவருக்கு முதலில் சொல்லும் புத்திமதிகள் பலத்தைப் பற்றியவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் முடியும் குறும்பந்தயத்தில் முதலில் கலந்துகொள், இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தைப் பிறகு நினை என்பார்கள். விலையுயர்ந்த சாமான்களை வாங்கிக் குவிக்காதே; இரவல் சைக்கிளும், நல்ல தலைக்கவசமும், நெற்றியில் கட்டும் விளக்கும், முதுகை உறுத்தாத பையும் தொடக்கத்துக்குப் போதும் என்பார்கள். புதுக் காலணியைப் பந்தய நாளில் அணியாதே, நடந்து பழகியதே காலைக் காக்கும்; நனைந்த காலுறையை மாற்றச் சோம்பாதே; கொப்புளம் எழுமுன், தோல் சூடாகி உறுத்தத் தொடங்கும்போதே நின்று கவனி என்பார்கள். பசி எடுக்கட்டும் என்று காத்திராதே, மணிக்கு 200 முதல் 300 கலோரி வரையில் நடந்துகொண்டே உண்டு வா. தண்ணீரோடு உப்பையும் மறவாதே என்பார்கள்.

இவையெல்லாம் மிகச் சிறிய காரியங்கள். ஆனால் நெடும்பந்தயங்களில் அணிகள் சிதைவது பெரும்பாலும் மலையின் உயரத்தாலன்று, இச்சிறு காரியங்களில் சிரத்தை தவறியதனால்தான். யோக சாதனைக்கு யமத்தையும் நியமத்தையும் முன்வைத்து, ஆசனமும் பிராணாயாமமும் அவற்றின் பின்னரே என்று பதஞ்சலி முனிவர் வகுத்த முறையை அறிந்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாகத் தோன்றாது. பெரியதை நாடுகிறவன் சிறியதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதும், தொடக்கநிலை ஒழுக்கத்தை இழிவாக எண்ணுகிறவன் உயர்ந்த நிலைக்குத் தகுதியற்றவன் என்பதும் எல்லாச் சாதனைகளுக்கும் பொதுவான நீதி.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது நியாயம். தேகத்தை வலிந்து ஆபத்துக்கு உள்ளாக்குவது தர்மமாகுமா? 2000-ஆம் ஆண்டில் போர்னியோத் தீவின் சபா மாநிலத்தில் நடந்த ஈகோ-சேலஞ்ச் பந்தயத்தில், வெள்ளம் பெருகிய செகாமா ஆற்றில் நீந்திய வீரர்களிடையே எலிக்காய்ச்சல் பரவி, அவரவர் நாடு திரும்பிய பின்னர்ப் பலர் நோய்ப்பட்டார்கள். 2004-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த 'ப்ரைமல் க்வெஸ்ட்' பந்தயத்தில் உருண்டு வந்த பாறை ஆஸ்திரேலிய வீரர் நைஜெல் ஐலட்டின் உயிரைக் கவர்ந்தது. இவற்றை மறைத்துவிட்டுப் புதியவரை இவ்வழிக்கு அழைப்பது அறமாகாது. உடம்பை இகழாது அதனுள்ளே உறையும் பொருளை எண்ணிப் போற்ற வேண்டும் என்று கண்ட திருமூலர் மரபில் வந்த நாம், உடம்பைப் பணயமாக வைக்கும் எச்செயலையும் எளிதில் புகழ்ந்துவிட முடியாது. ஆனால் உடம்பைப் பேணுதல் வேறு, உடம்புக்கு அடிமையாதல் வேறு. தன் உடம்பின் அளவை அறிந்து, அவ்வளவை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதற்கேற்ப நடப்பவன் உடம்பைப் பேணுகிறவனே. அளவை ஒப்புக்கொள்ளும் இந்த இடத்திலேதான் புதியவருக்குப் பந்தயத்தின் மெய்யான சோதனை காத்திருக்கிறது.

அணியில் ஒருவர் களைத்துப்போனால், பலமுள்ளவர் தம் முதுகுப்பையிலிருந்து மீள்தன்மையுள்ள ஒரு கயிற்றை அவரோடு பிணைத்து இழுத்துச் செல்வது இவ்விளையாட்டில் அன்றாட வழக்கம். சைக்கிளிலும் அவ்வாறே செய்கிறார்கள். களைத்தவருடைய பையைப் பிறர் வாங்கிச் சுமப்பதும் உண்டு. விதிகள் இவற்றைத் தடுப்பதில்லை. தேர்ந்த அணிகள் யாருக்கும் கூச்சமில்லாமல், சோர்வின் முதல் அறிகுறியிலேயே இவற்றைச் செய்துவிடுகின்றன. புதியவரோ கயிற்றைக் கண்டதும் முகம் சுளிக்கிறார். தம் பையைப் பிறர் தொடுவதை அவமானமாக நினைக்கிறார். 'ஒன்றுமில்லை, நன்றாயிருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு தம் பலஹீனத்தை மறைத்தே நடக்கிறார். அதன் பயனாகச் சிறிது நேரத்தில் கால் தளர்ந்து, உணவு ஏற்காமல், உடல் நடுங்கி உட்கார்ந்துவிடுகிறார். சில நிமிஷங்களில் தீர்ந்திருக்கக்கூடிய காரியத்துக்காக அணி முழுவதும் பல மணி நேரத்தை இழக்கிறது. மறைக்கப்பட்ட பலஹீனம் ஒருவருடையதாக இருந்தது, வெளிப்பட்டபோது நால்வருடையதாகிவிட்டது.

ஈகையை உயர்த்திப் பேசாத சமயம் இல்லை. கொடுப்பவன் அகங்காரத்தைக் கரைத்துக்கொள்ளுகிறான் என்று நாம் பலவாறாகக் கேட்டிருக்கிறோம். ஆனால் கொடுக்கும்போது, கொடுக்கத்தக்க நிலையில் நான் இருக்கிறேன் என்ற நினைவு உள்ளத்தின் ஒரு மூலையில் ஒதுங்கி உயிர் பிழைத்திருக்கக்கூடும். பெறும்போது அந்நினைவுக்குப் புகலிடமே இல்லை. தன்னால் இயலவில்லை என்பதைத் துணைவரின் முகத்துக்கு நேரே சொல்லி, அவர் நீட்டும் கயிற்றை முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டு, அவருடைய வேகத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து நடப்பவனிடத்தில், நான் என்னும் முனைப்பு நிற்பதற்கு எந்த இடம் எஞ்சியிருக்கிறது? சாகசப் பந்தயம் புதியவருக்குக் கற்பிக்கும் பாடங்களுள் தலையாயது, பெறக் கற்றுக்கொள் என்பதே என்று நான் கருதுகிறேன்; சமய வாழ்விலும் கடினமான பாடம் இதுவேதான்.

பேறடைவதற்கு ஜீவனின் முயற்சி வேண்டுமா, இறைவனின் கிருபை ஒன்றே போதுமா என்று வைணவ ஆசாரியர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை ஒரு சாராரும், தாய் தன் வாயால் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியை மற்றொரு சாராரும் திருஷ்டாந்தமாகக் காட்டினார்கள். கயிற்றில் பிணைக்கப்பட்டு மலையேறும் வீரனை நினைக்கும்போது, இவ்விரு கட்சிகளும் ஒருங்கே மெய்யாவதற்கு இடமுண்டு என்று தோன்றுகிறது. கயிறு அவன் பாரத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுகிறது. அவ்வுதவியின்றி அவன் அச்சரிவை ஏறியிருக்க மாட்டான். ஆயினும் ஒவ்வோர் அடியையும் அவனேதான் எடுத்து வைக்க வேண்டும். கயிறு இருக்கிறதென்று கால்களை ஓய்வித்தால் இழுப்பவனும் சேர்ந்து விழுவான். கிருபை முயற்சியை நீக்கிவிடுவதில்லை. முயற்சி கிருபையை மிகையாக்குவதுமில்லை. ஒருவன் சுமையை மற்றொருவன் சுமக்கலாம், ஒருவன் அடியை மற்றொருவன் நடக்க முடியாது என்பது அந்தச் சரிவிலே விளங்குகிறது.

துணை வேண்டுவது கால்களுக்கு மட்டுமன்று, புத்திக்கும்தான். நியூசிலாந்தில் பயன்படும் 1:50,000 வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் நிலத்தில் ஒரு கிலோமீட்டராகும். சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். அந்நாட்டின் தெற்குத் தீவில் திசைகாட்டியின் முள் உண்மை வடக்கிலிருந்து 20 பாகைக்கும் மேலாகக் கிழக்கே விலகி நிற்கிறது. ஒரு பாகைப் பிழை ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய 17 மீட்டர் வழி விலகச் செய்யும். ஆகவே முள்ளின் விலகலைக் கணக்கிடாமல் நடப்பவன் ஒரு கிலோமீட்டருக்குள் 350 மீட்டர் அளவுக்குத் தவறிப்போய்விடுவான். இவற்றைப் பயிற்சியால் கற்றுக்கொள்ளலாம். ஸ்வீடனில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற ராணுவ அதிகாரி 1919-ல் இளைஞர்களுக்காகப் பரப்பிய ஓரியன்டியரிங் விளையாட்டு இன்று பல நாடுகளிலும் நடைபெறுகிறது; ஆரஞ்சும் வெள்ளையுமான கொடிகளை வரைபடத்தைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் அவ்விளையாட்டிலேயே பயின்ற பின்பு சாகசப் பந்தயத்துக்கு வருவது நல்லது.

ஆனால் கணக்குப் பிழையைக் காட்டிலும் அபாயமான பிழை ஒன்று உண்டு. வரைபடம் பார்ப்பவன், தான் இன்ன இடத்தில் நிற்பதாக ஒரு முறை தீர்மானித்துவிட்டால், கண்முன் தோன்றும் நிலம் அத்தீர்மானத்தோடு முரண்படும்போதும், தீர்மானத்தைக் கைவிட மனமின்றி நிலத்துக்குப் புதுப்புது விளக்கங்களைக் கற்பித்துக்கொள்ளத் தொடங்குகிறான். ஓடை இருக்க வேண்டிய இடத்தில் ஓடை இல்லையென்றால், கோடையில் வற்றியிருக்கும் என்பான். குன்று இடப்புறம் இருக்க வேண்டியது வலப்புறம் நின்றால், இது வேறு சிறு குன்று என்பான். நேரம் போகப்போகப் பிழை வளருகிறது. அதோடு, அதைத் தாங்கி நிற்கும் நம்பிக்கையும் வளருகிறது. அனுபவமுள்ள அணிகளில் மற்றொருவர் அருகில் நடந்து, வரைபடத்தைத் தாமும் பார்த்து, இப்போது நாம் எங்கே இருக்கிறோம், எதனால் அவ்வாறு சொல்லுகிறாய் என்று கேட்டுக்கொண்டே வருவது இதற்காகத்தான்.

உறக்கமற்ற இரவுகளில் இம்மயக்கம் இன்னும் ஆழ்ந்துவிடுகிறது. நெடும்பந்தயங்களில் பல அணிகள் ஓர் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உறங்குவதில்லை. மூன்றாம் இரவு நான்காம் இரவுகளில் பாறை மிருகமாகத் தோன்றும். மரத்தடியில் ஆட்கள் அமர்ந்திருப்பது போலத் தோன்றும். இல்லாத வீட்டில் விளக்கு எரிவதாகத் தோன்றும். காண்பவனுக்கு அது முற்றிலும் மெய். கயிற்றைப் பாம்பென்று கண்டு அஞ்சியவனை அத்வைத ஆசாரியர்கள் திருஷ்டாந்தமாகக் காட்டினார்கள். விளக்கு வந்ததும் பாம்பு மறைந்து கயிறு எஞ்சும் என்றார்கள். சாகசப் பந்தயத்தின் இரவு அந்தத் திருஷ்டாந்தத்துக்கு ஒரு பொருளைச் சேர்க்கிறது. மயங்கியவனுடைய நெற்றியிலும் ஒரு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவ்வொளியில் அவன் தன் மயக்கத்தையே மேலும் தெளிவாகக் காண்கிறான். அங்கே யாரும் இல்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு வா என்று மற்றொருவர் சொல்லி, அவரை நம்பி அவன் ஓர் அடி எடுத்து வைத்தபோதே மயக்கம் கலைகிறது. குருவின்றி ஞானமில்லை என்று நம் மரபு வற்புறுத்தி வந்ததன் நியாயம் இதுவே. தன் அறிவின் பிழையைத் தன் அறிவாலேயே திருத்திக்கொள்ள முயல்கிறவன், திருத்தும் கருவியும் பிழைபட்டிருப்பதை அறிவதில்லை.

எனினும் பேறு தனித்தே அடைவது என்னும் எதிர்க்கட்சியின் வாதம் வலுவற்றதன்று. அவரவர் வினையை அவரவரே அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்பது நம் நாட்டில் தோன்றிய சமயங்களுள் பெரும்பாலானவை ஏற்ற நியதி. பிறக்கும்போதும் இறக்கும்போதும் ஜீவன் தனித்தே போகிறது. கூட்டத்தின் வேகத்துக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுகிற சாதகன் ஒரு பிறவியையே வீணாக்கிவிடக்கூடும் என்று அஞ்சி, உற்றாரை உதறிவிட்டுப் போன மகான்கள் பலர் நம்மிடையே தோன்றியிருக்கிறார்கள். அவர்களுடைய துறவைக் குறைத்துப் பேச யாருக்குத் தகுதி உண்டு? மகாபாரதத்தின் மகாப்பிரஸ்தானிக பருவமே இவ்வாதத்துக்குச் சான்றாக நிற்பது போலத் தோன்றுகிறது. பாண்டவர் ஐவரும் திரௌபதியும் வடதிசை நோக்கி மலையேறிச் செல்லும்போது, முதலில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என்று ஒவ்வொருவராக விழுகிறார்கள். விழுந்ததன் காரணத்தைப் பீமன் கேட்கிறான். பட்சபாதம், அறிவுச்செருக்கு, அழகுச்செருக்கு, வீண் வீரம் பேசுதல் என்று ஒவ்வொருவருடைய குற்றத்தையும் தருமபுத்திரர் எடுத்துச் சொல்லுகிறார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் மேலே நடக்கிறார். நால்வரில் ஒருவர் விழுந்தாலும் அணி நின்றுபோகும் என்று விதித்த விளையாட்டின் கண்ணோடு பார்த்தால், அவ்விடத்தில் மனம் துணுக்குறாமல் இருப்பதில்லை.

ஆனால் காவியம் அங்கே முடிந்துவிடவில்லை. அவரைத் தொடர்ந்து வந்த நாய் ஒன்று மிஞ்சியிருந்தது. இந்திரன் ரதத்தோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறுமாறு அழைத்தபோது, தன்னை அண்டி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாம் என்று தருமபுத்திரர் மறுத்துவிட்டார். நாய் உருவில் வந்தது தருமதேவதையே என்று கதை சொல்லுகிறது. 2014-ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் எக்வடார் நாட்டில், ஏறத்தாழ 700 கி.மீ. நீண்ட உலகச் சாம்பியன் பந்தயத்தில் இதனை நினைவூட்டும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஸ்வீடன் அணியின் தலைவர் மைக்கேல் லிண்ட்நார்ட், வழியில் உணவருந்தும்போது, காயம்பட்ட தெருநாய் ஒன்றுக்குத் தம் இறைச்சியுருண்டை ஒன்றைக் கொடுத்தார். அந்நாய் சேற்றுக்காட்டிலும் மலையிலும் அணியை விடாமல் தொடர்ந்தது. கயாக் ஏறும் கட்டத்தில், நாயின் நலத்தை முன்னிட்டு அதை விட்டுச் செல்லும்படி பந்தயத்தை நடத்தியவர்கள் அறிவுரை கூறினார்கள். அணி புறப்பட்டதும் நாய் நீரில் குதித்து நீந்தத் தொடங்கவே, லிண்ட்நார்ட் அதைக் கயாக்கில் தூக்கி வைத்துக்கொண்டார். கரையில் நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். அந்நாய் ஆர்தர் என்று பெயரிடப்பட்டு, ஸ்வீடனுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அவருடைய குடும்பத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்தது. மகாபாரதத்தைப் படித்தறிந்து அவர் அதைச் செய்யவில்லை. களைப்பின் எல்லையில் நிற்கும் மனிதனுக்குள்ளிருந்து தர்மம் எவ்வாறு எழுந்து பேசுகிறது என்பதையே அவர் செயல் காட்டுகிறது.

நாயைக் கைவிடாதவர் சகோதரர்களைக் கைவிட்டது எங்ஙனம் என்ற கேள்வி இன்னும் எஞ்சி நிற்கிறது. அதற்கான விடை சுவர்க்காரோகண பருவத்தில் இருக்கிறது. சுவர்க்கத்தில் துரியோதனன் வீற்றிருப்பதையும் தம் உடன்பிறந்தார் இல்லாததையும் கண்ட தருமபுத்திரர், அவர்கள் இருக்குமிடத்துக்குத் தம்மை அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறார். தேவதூதன் இருளும் துர்நாற்றமும் நிறைந்த வழியில் அழைத்துப் போகிறான். திரும்ப எண்ணும் சமயத்தில், உம்முடைய வருகையால் எங்கள் வேதனை தணிகிறது, சற்று நில்லும் என்று குரல்கள் எழுகின்றன. அவை கர்ணனும் தம்பியரும் திரௌபதியும் எழுப்பும் குரல்கள் என்று அறிந்ததும், நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லித் தூதனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அதன் பின்னரே அந்நரகம் மாயையென்று விளங்கி விலகுகிறது. மலைவழியில் ஒவ்வொருவருடைய குற்றத்தையும் எண்ணிச் சொன்னவர், இங்கே எவருடைய குற்றத்தையும் எண்ணவில்லை. துணைவனின் குறையை அறிவது வேறு, அக்குறைக்காக அவனைப் பிரிந்து போவது வேறு என்ற விவேகம், நெடுவழியின் முடிவிலேதான் அவருக்கே முழுமையாகக் கைவந்தது என்று அக்கதையை நான் பொருள்கொள்ளுகிறேன். தனித்துச் சுவர்க்கம் புகுந்தவரைத் தனித்து அங்கே இருக்கவொட்டாமல் காவியம் மீண்டும் இறக்கி அழைத்து வருவதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

தமிழ்நாட்டுச் சமய வரலாறும் இதே பக்கமே சாய்கிறது. திருநல்லூர்ப் பெருமணத்தில் தம் திருமணத்தின்போது எழுந்த சோதியில், திருஞானசம்பந்தர் வந்திருந்த அனைவரையும் முதலில் புகச் செய்து, பின்னரே தாமும் தம் மனைவியாரோடு புகுந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அழைப்பை ஏற்று மணவிருந்துக்கு வந்தவர்களெல்லாம் முத்தியும் பெற்றார்கள். அவர்களுடைய தகுதி இன்னதென்று அங்கே எடைபோடப்படவில்லை. திருக்கோட்டியூர் நம்பியிடம் பலமுறை நடந்து பெற்ற மறைபொருளை, வெளியிட்டால் நரகமே கிட்டும் என்று எச்சரிக்கப்பட்டிருந்தும், எல்லோரும் உய்வதாயின் நான் ஒருவன் நரகம் புகுவதில் குறையில்லை என்று கருதி இராமானுசர் யாவரும் கேட்க அறிவித்தார் என்று வைணவ மரபு போற்றுகிறது. சம்பந்தர் கடைசியாகப் புகுந்தார். இராமானுசர் புகாமலே நிற்கவும் துணிந்தார். முதலில் போய்ச் சேர்ந்தவனை அல்ல, கடைசியில் நிற்பவனைக் கைவிடாதவனையே இம்மரபுகள் பெரியோன் என்று வணங்கின.

எதிரணியைச் சேர்ந்தவராயினும் விபத்தில் சிக்கியவரைக் கண்டால் பந்தயத்தை நிறுத்தி உதவ வேண்டும் என்பது சாகசப் பந்தயங்களின் பொது விதி. உதவியில் கழிந்த நேரத்தை நடுவர்கள் கணக்கில் ஈடுசெய்வதும் உண்டு. அணி என்னும் எல்லையைத் தாண்டி விரியும் இந்த உறவை நினைத்தால், கூடி அடைதல் என்பது வெற்றிக்காகச் செய்துகொண்ட வெறும் ஒப்பந்தமன்று என்பது புலனாகும்.

அடையாமலே போனவர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 2019-ல் பிஜித் தீவுகளில் ஈகோ-சேலஞ்ச் மீண்டும் நடந்தபோது, 30 நாடுகளிலிருந்து 66 அணிகள் வந்து, 671 கி.மீ. தூரத்தைப் பதினொரு நாட்களுக்குள் கடக்க முயன்றன. அவற்றுள் ஓர் அணியில் மார்க் மேசியும் அவர் மகன் டிராவிஸ் மேசியும் இருந்தார்கள். தந்தையார் முந்தைய ஈகோ-சேலஞ்ச் பந்தயங்கள் பலவற்றில் ஓடியவர். இப்போது நினைவை அழிக்கும் அல்ஸைமர் நோய்க்கு ஆளாகியிருந்தார். அவருக்குப் பையின் வாரைப் பூட்டிவிடவும், உணவை எடுத்துக் கொடுக்கவும், அடுத்த அடியை எங்கே வைப்பதென்று சொல்லவும் மகனும் துணைவர்களும் அருகிலேயே இருந்தார்கள். அவ்வணி எல்லைக்கோட்டை அடையவில்லை. வரிசையில் அவர்களுக்கு இடமில்லாமற் போயிருக்கலாம். ஆனால் தன் மகனுக்கு முன்னொரு காலத்தில் வழி காட்டியவர், அம்மகன் காட்டிய வழியில் வெட்கமின்றி, அச்சமின்றி, அன்போடு நடந்தார் என்பது எந்த எல்லைக்கும் குறைந்த பேறன்று. கொடுக்க மட்டுமே அறிந்த ஒரு பெரும்பலசாலி பெறவும் கற்றுக்கொண்டு நடந்த வழி அது.

ஆதலால், இவ்விளையாட்டைத் தொடங்க எண்ணும் இளைஞருக்கு நான் சொல்ல விரும்புவது சில வார்த்தைகளே. காலணியையும் வரைபடத்தையும் பற்றிய புத்திமதிகளை அனுபவசாலிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றைச் சிரத்தையோடு பின்பற்றுங்கள். துணைவர்களைத் தேடும்போது, உங்களைவிட வேகமாக ஓடுகிறவர் யார் என்று மாத்திரம் பார்க்காமல், உங்கள் களைப்பை எவரிடம் மறைக்காமல் சொல்ல முடியும் என்றும் பாருங்கள். புறப்படும் முன்பே நால்வரும் அமர்ந்து, அவரவர் அஞ்சுவது எது, எந்த வேளையில் எவர் சோர்வது வழக்கம், கயிற்றை எப்போது நீட்டுவது என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கயிறு உங்கள் பக்கம் நீளும்போது தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றொரு நாள் அதை நீட்டும் முறை உங்களுக்கும் வரும். மலை முடிந்துபோகும், பந்தயமும் முடிந்துபோகும். இந்தப் பழக்கம் எஞ்சி நிற்கும். தன் சுமையில் ஒரு பங்கைப் பிறர் கையில் கொடுக்கக் கற்றுக்கொண்டவன், மோட்சத்தையும் தனக்கு மட்டுமென்று கேட்பதை ஒரு நாள் விட்டுவிடுவான். அந்த நாளில் அவனுடைய பிரார்த்தனை உண்மையான பிரார்த்தனையாகும்.